வெறும் புறா

"பாத்தியே ஜொய்சியின்ர வேலையை? சுத்திவர எல்லாம் நீல நூலால தைச்சிருக்கிறாள். நடுவில புறாவை மட்டும் வெறுமையா விட்டிட்டாள்!"

புதுப் பீடத்துணியை விரித்துப் பிடித்தபடி பொரிந்தார் அக்னெஸ் அக்கா. கோயில் மாதர் சபைத் தலைவி. பிறர் குறையைக் கண்டுபிடிக்க ஆண்டவர் அவருக்குத் தனி வரமே கொடுத்திருந்தார்.

"நேரமில்லாமல் போயிருக்கும் அக்கா," என்றாள் மாக்கிரட்.

"பரிசுத்த ஆவியின்ர புறாவுக்கு நேரமில்லையாம்! கொண்டா, நானே முடிக்கிறன்."

வீட்டுக்குக் கொண்டுபோய், மஞ்சள் நூலால் புறாவைக் கொழுக்க நிரப்பினார். தெரிந்தவர்களுக்கெல்லாம் தொலைபேசியில் அறிவிக்கவும் மறக்கவில்லை.

ஞாயிறு, பூசைக்கு வெகுநேரம் முன்பே ஜொய்சி வந்தாள். பீடத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"நன்றியெல்லாம் வேண்டாம் பிள்ளை," என்றார் அக்கா பெருந்தன்மையோடு.

"அக்கா... இது இத்தாலிக்காரரின்ர அசிசித் தையல். இழையை எண்ணி எண்ணிச் சுத்திவரத்தான் தைக்கிறது. உருவத்தை வெறுமையா விடோணும்."

அந்தக் கோடையில், அவர்கள் குடியிருந்த வில்லரே பகுதியின் பல்கனிகளில் உலகக்கிண்ணம் வென்ற இத்தாலியின் கொடிகள் தொங்கின. இத்தாலியைப் பற்றி அக்காவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"முன்னமே சொல்லியிருக்கலாமே!"

"நீங்கள் கேக்கேல்லையே. தொடங்கினது நாங்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரி, அந்த இத்தாலிக்கார அம்மா, சின்யோரா கொஞ்செத்தா. பாதியில அவவுக்குக் கண் பார்வை போயிட்டுது. மிச்சத்தை நான் தைச்சன். நாளைக்கு அவவை முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோயினம். போக முதல், இண்டைக்குப் பூசை முடிய வந்து தொட்டுப் பாக்கப் போறா. சுத்திவரத் தையல் தட்டுப்படும், புறா மட்டும் வழுவழுப்பா இருக்கும். அதை வைச்சுத்தான் கண்டுபிடிப்பா. இனி எப்பிடி?"

ஜொய்சிக்குக் கண் கலங்கியது. சின்யோராவைக் கூட்டிவரப் போய்விட்டாள்.

அக்கா தம் குறையைத் தாமே கண்டுபிடித்தார். கோயில் வரலாற்றிலேயே அது முதல்முறை.

பூசை முடிந்ததும் சின்யோரா குனிந்து, பீடத்துணியின் தொங்கலைத் தடவினார். ஜொய்சி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல்கள் மெல்ல நகர்ந்து, நடுவில் வழுக்கின. சின்யோராவின் முகம் மலர்ந்தது. தம் மொழியில் ஏதோ சொல்லி, அந்தப் புறாவை முத்தமிட்டார்.

வாசலில் மாக்கிரட் அக்காவைப் பிடித்துக்கொண்டாள்.

"பூசை தொடங்குமட்டும் பீடத்தடியில முழந்தாளில நிண்டியள், தலை நிமிரவேயில்லை. என்ன பக்தி அக்கா!"

கைப்பையிலிருந்து எட்டிப் பார்த்த மஞ்சள் நூல் சிக்கையும் சின்னக் கத்தரிக்கோலையும் உள்ளே தள்ளிப் பூட்டினார் அக்கா.

"ஓம் பிள்ளை. ஒரு செபமாலை சொன்னனான்."