கலெக்டர் வருவதற்குள் திறக்கும் பை

பையைத் தூக்கி, தோல் பை தைக்கும் மக்பூல் அகமதின் தையல் மேஜைமேல் விசிறினார் போட்டோக்கார ஜம்புலிங்கம். உள்ளே லென்ஸ் இருந்திருந்தால் விசிறியிருக்க மாட்டார். மூன்று லென்சையும் கைக்குட்டைகளில் சுற்றி ஜிப்பாவுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டுதான் கோபப்பட வந்திருந்தார்.

“இன்னா பை தெச்சிருக்கிற பாய் நீ? மந்திரி வந்தும் போய்ட்டாரு, உன் பக்கிள் இன்னும் தொறந்துகினே இருக்குது!”

காலை பத்து மணி, ஆம்பூர் கடைத்தெரு. கேட்க ஆள் சேர்ந்தது. அதனால் இன்னொரு தடவையும் சொன்னார்.

போன மாதம் இஷ்தியாக் அகமது சாகிப்பின் தோல் பதனிடும் ஷாப்பில் புதுக் கட்டடத்துக்கு மந்திரி ரிப்பன் வெட்டினார். ஜெர்மன் காமிராவும் அதற்கு மூன்று லென்சும் ஜில்லாவிலேயே தன்னிடம்தான் உண்டு என்று ஸ்டூடியோ போர்டில் எழுதி வைத்திருப்பவர் ஜம்புலிங்கம். கூட்டத்துக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று.

ரிப்பன் எதிலும் விழவில்லை. விழுந்தது, வெட்டி முடித்துவிட்டுப் போகிற மந்திரியின் முதுகு.

சாகிப் திட்டவில்லை. படம் மாட்டுவதற்காக ஆபீஸ் சுவரில் அடித்து வைத்திருந்த ஆணியைக் காட்டினார். வருகிற ஞாயிற்றுக்கிழமை கலெக்டர் வருகிறார், இந்தத் தடவையும் முதுகு என்றால் இனிமேல் வேலூர் ஸ்டூடியோதான் என்றார்.

ஆம்பூரில் ஒரு முதலாளி கைவிட்டால் மற்ற முதலாளிகளுக்கு மறுநாளே தெரிந்துவிடும். அப்புறம் பள்ளிக்கூடத்து குரூப் போட்டோதான் கதி.

மக்பூல் மூன்று பைகளை எடுத்து வைத்தார்.

முதல் பை டப்பென்று திறந்தது. பஸ் கண்டக்டர் பை. ஜம்புலிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெர்மன் கண்ணாடியைச் சில்லறை மாதிரி அள்ளுவதா?

இரண்டாவது, டாக்டர் பை. வாய் அகலம். ஜிப்பாவிலிருந்து எடுத்துப் போட்ட மூன்று லென்சும் உள்ளே உருண்டு ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.

மூன்றாவதில் ஒரு வாரை இழுத்தால் முன்பக்கம் முழுவதும் கீழே மடிந்தது. உள்ளே பச்சைக் கம்பளித் துணி ஒட்டி, வரிசையாக மூன்று குழிகள். அளவெடுத்தாற்போல லென்சுகள் உட்கார்ந்தன. ஜம்புலிங்கம் குறை தேடினார். கிடைக்காதது இன்னும் ஆத்திரமாக இருந்தது.

“இத யாருக்குத் தெச்ச?”

“மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் பரந்தாமனுக்கு. ஊசி, மருந்து, பஞ்சு. மாடு ஒதைக்கிறதுக்குள்ள எடுத்தாவணுமே சார்.”

மாட்டு ஊசி! மந்திரியைப் படமெடுத்த மனிதருக்கு, சரி, மந்திரியின் முதுகையாவது எடுத்த மனிதருக்கு, மாட்டு ஊசிப் பை!

இதன் யோக்கியதையை இங்கேயே காட்டுகிறேன் என்று பையைத் தோளிலும் காமிராவைக் கழுத்திலும் மாட்டிக்கொண்டார். கலெக்டர் வந்துவிட்டார் என்று பாய் சொல்ல வேண்டும். சொன்ன வாய் மூடுவதற்குள் தூர லென்ஸ் தன் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பையும் குப்பை.

கடைக்குள் தோல் வெட்டிக்கொண்டிருந்த வேலையாட்கள் இருவரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

மக்பூல் எழுந்து நின்றார். வாசல் பக்கம் திரும்பி, அதற்குரிய மரியாதையோடு குரல் கொடுத்தார்.

“கலெக்டர் அய்யா வந்துட்டாரு!”

வாசலில் ஒரு வெள்ளாடு மட்டும் நின்றிருந்தது.

பையின் வார் இழுப்பாரில்லாமல் தொங்கியது. ஜம்புலிங்கத்தின் இரண்டு கைகளும் நெஞ்சுக்கு நேரே கூப்பியிருந்தன. முதுகு வளைந்திருந்தது. பற்கள் எல்லாம் தெரிந்தன.

கைகள் எப்போது மேலே போயின என்று அவருக்கே தெரியவில்லை. போன மாதம் மந்திரி கத்தரிக்கோலை வாங்கியபோதும் அவை இங்கேதான் இருந்தன என்பது, கூப்பிய விரல்களைப் பார்த்த பிறகு தெரிந்தது.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

கைகளைப் பிரித்தார். பையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“பாத்தியா பாய்? இதுவும் லேட்டு.”