ஒருவரும் விழவில்லை

ஒஹையோவில் ஒரு முதியோர் இல்லம். அங்கே தலைமை நர்ஸாக இருந்த வெர்னா, ஆன்லைனில் டாக்டர் பட்டத்துக்குப் படித்தாள். வேலை பார்க்கும் இடத்தில் ஏதாவது ஒரு குறையைத் தீர்த்துக் காட்டினால்தான் பட்டம். முதியவர்கள் தடுக்கி விழுவதைக் குறைக்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருந்தாள்.

அப்பா கிளைடையும் அங்கேதான் சேர்த்திருந்தாள். படிப்பு முடிந்ததும் வீட்டுக்கு அழைத்துப்போவதாகப் பேச்சு. வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. கிளைடுக்கோ கால்கள் திடம், படியேறிவிடுவார். ஷிப்ட் முடிந்து எட்டிப் பார்த்தால் படுத்திருப்பார். தூங்கட்டும் என்று கணினிக்கு ஓடிவிடுவாள்.

விழுவது பாதியாகக் குறைந்தாலே போதும் என்றிருந்தார்கள் பேராசிரியர்கள். கோடை முழுக்க ஒருவருமே விழவில்லை. திரையில் எல்லாரும் கைதட்டினார்கள்.

"டாக்டரம்மா, இனிமே எங்ககூடல்லாம் பேசுவீங்களா?" என்றாள் உதவியாளர் ரோண்டா.

"பேசுவேன். ஆனா ஃபீஸ் உண்டு."

சிரித்துக்கொண்டே அப்பாவின் அறைக்குப் போனாள். "கிளம்புங்கப்பா, வீட்டுக்குப் போலாம்."

கிளைடு கட்டிலிலிருந்து காலைக் கீழே ஊன்றினார். முழங்கால் துவண்டது. மறுபடி ஊன்றினார். வெர்னா தாங்கிப் பிடித்தாள்.

"என்னப்பா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல கண்ணு, பழக்கம் விட்டுப்போச்சு. யாராவது விழுந்தா உன் படிப்பு கெட்டுடும்னு ரோண்டா சொன்னா. அதான் நாங்க எல்லாரும் பேசிவெச்சு, நீ பாஸாகற வரைக்கும் கட்டிலவிட்டே இறங்கல." முகம் மலரக் கேட்டார்: "பாஸாயிட்டியா?"