பச்சை நட்சத்திரம் குத்திய ஸ்வெட்டர்

நானுஓயா ஸ்டேஷனில், மலை மொத்தத்தையும் விழுங்கியும் பசி அடங்காமல் நிற்கிறது மூடுபனி. பென்ஷன் வாங்கும் சண்முகவடிவு டீச்சரின் ஸ்வெட்டரில், எஸ்பெராந்தோ பேசுபவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் காணக் குத்திக்கொள்ளும் பச்சை நட்சத்திரம், கந்தப்பளை வரை வெளிச்சம் போடுகிறது. தனியாகவே படித்த அந்தப் பாஷையை இன்னொரு வாயிலிருந்து ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் அவருக்கு. “ஒலகத்துக்கே பொதுப் பாஷைன்னீங்க டீச்சர், ஒலகம் இன்னைக்கும் எறங்கலையே,” என்கிறார் வடை விற்கும் ராசிக். “வடை ஆறுது, அதப் பாருங்க ராசிக் நானா,” என்கிறார் டீச்சர். ரயில் நகர்கிறது. ஏசிப் பெட்டியின் திறக்காத ஜன்னலுக்குள், ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் தொப்பியில் அதே நட்சத்திரம். டீச்சரைக் கண்டதும் கிழவி துள்ளி எழுந்து, கண்ணாடியில் கைகளை அப்பி, தொண்டை கிழிய எதையோ கத்துகிறாள். உதடு அசைவது மட்டுந்தான் தெரிகிறது. “என்னங்க சொன்னாங்க?” என்கிறார் ராசிக். “கொஞ்சம் இருங்க நானா.” ரயில் சத்தம் ஓய்ந்த பிறகும் டீச்சரின் காது அந்தப் பக்கமே சாய்ந்திருக்கிறது.