பின் இருக்கை

மூன்று பக்கமும் கடல் இருக்கிற இந்த நிலமுனையில், காலையிலிருந்து அவள் பார்ப்பதெல்லாம் கணவனின் வியர்த்த முதுகைத்தான். இருவர் மிதிக்கும் வாடகைச் சைக்கிள் மண்பாதையில் முனகிக்கொண்டு ஏறுகிறது. புதர்களுக்கு அப்பால் அலைச் சத்தம் மட்டும் கேட்கிறது. “நீ மிதிக்கவே மாட்டேங்கிற. நான் ஒருத்தனே இழுக்கணுமா?” என்கிறான், ஏழாவது முறையாக. “கால் கழண்டு போகுது. இதுக்கு மேல எப்படிங்க மிதிக்கிறது?” என்கிறாள். மேட்டின் உச்சியில் அவன் ஒரு காலை ஊன்றி, வரைபடத்தைப் பிரித்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி எதையோ தேடுகிறான். அவள் சத்தமில்லாமல் இறங்கி ஓரமாக நிற்கிறாள். வரைபடத்தை மடித்துச் சட்டைக்குள் செருகிய அவன், திரும்பிக்கூடப் பார்க்காமல் பெடலை அழுத்துகிறான். சரிவில் சைக்கிள் பறக்கிறது. “ஆங், இப்பதான் ஒழுங்கா மிதிக்கிற!” என்று அவன் கத்துவது காற்றில் வருகிறது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். அவள் கூப்பிடவில்லை.