தவறி விழுந்த கத்தி

"கத்தி கைதவறி விழுந்துதான் கார் கண்ணாடி உடைஞ்சுதுன்னு கம்பெனி பேர்ல ஒரு லெட்டர் வேணும் மேடம்."

கத்திக் கம்பெனியின் புகார் மேஜையில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருப்பவளுக்கு இந்தக் கோரிக்கை புதுசு. வழக்கமாக வருகிறவர்கள் பழைய கத்தியை நீட்டிப் புதுக் கத்தி கேட்பார்கள். ஒரு நாள்கூடச் சரியாகத் தொடவில்லை என்று சத்தியம் செய்வார்கள். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை வைத்து ஆணி அடித்திருக்கிறீர்கள், செல்லாது என்று சொல்லிவிடுவாள். ஆபீசில் அவளுக்குப் பெயரே 'செல்லாது அக்கா'.

வந்திருந்தவர் வீடுகளுக்குத் தரைவிரிப்பு போடுகிறவர். அவர் மேஜையில் வைத்தது மடங்காத கத்தி. கைப்பிடியின் அடியில் கட்டைவிரல் தடிமனுக்கு ஓர் இரும்புக் குமிழ். சுத்தியல் மாதிரி அடித்தாலும் அசையாது என்று கம்பெனி விளம்பரம் செய்வது அந்தக் குமிழைத்தான்.

தோளில் விரிப்புச் சுருளோடு போகும்போது கத்தி நழுவி, பக்கத்து வீட்டுக்காரர் காரில் விழுந்ததாம். புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தும் அந்த மனுஷன் நம்பவில்லையாம். வேணும்னே உடைத்திருக்கிறாய், போலீசுக்குப் போகிறேன் என்று குதிக்கிறாராம்.

வண்டி நிறுத்துகிற தகராறாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இவருடைய பொய்க்குக் கம்பெனி முத்திரை வேண்டுமாக்கும்.

அவரைச் சோதனைக் கூடத்துக்கு அழைத்துப் போனாள். குமிழின் வலுவைச் சோதிப்பதற்கென்று அங்கே பழைய கார்க் கதவுகள் கிடந்தன. ஒன்றைப் படுக்கப் போட்டு, கண்ணாடிமேல் தோள் உயரத்திலிருந்து கத்தியைப் பத்து தடவை விழவிட்டாள். பத்து தடவையும் துள்ளி ஓரமாகப் போய் விழுந்தது. கண்ணாடியில் கீறல்கூட இல்லை.

பிறகு பூதக்கண்ணாடியால் குமிழைப் பார்த்தாள். ஒரே ஓரத்தில் கறுப்புப் பூச்சு ஐந்து இடத்தில் பெயர்ந்திருந்தது.

"இது விழுந்து வந்த தடம் இல்ல. ஓங்கி அஞ்சு தடவை அடிச்சிருக்கீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நடந்ததைச் சொன்னார்.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரரின் மனைவிக்கு நாலு மாசக் குழந்தை. ராத்திரி பூராவும் அழுகிற குழந்தை. சரியாகத் தூங்கி எத்தனை நாளோ, அன்று கடைக்குப் போய் வந்தவள் பைகளை மட்டும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். குழந்தை பின்சீட்டில், உச்சி வெயிலில். வேலைக்குப் போகிற வழியில் இவர் கண்ணில் பட்டது. சாவி, ஆள் என்று தேட நேரமில்லை. குமிழால் கண்ணாடியின் மூலையில் அடித்தார். ஐந்தாவது அடியில் நொறுங்கியது.

"குழந்தை?"

"நல்லா இருக்கு மேடம். டாக்டர்கிட்ட காட்டியாச்சு. அந்தத் தங்கச்சிதான் இன்னும் நடுங்கிட்டிருக்கு. புருஷன் முன்கோபி. தெரிஞ்சா, நீயெல்லாம் ஒரு தாயான்னு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாரு."

அதற்காக நீங்கள் ஏன் கெட்ட பெயர் வாங்க வேண்டும் என்று கேட்டாள்.

"என் பேரு ரெண்டு மாசத்துல சரியாயிடும் மேடம். அவ பேரு சரியாகாது."

பொய் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவர் கத்தியை எடுத்து உறையில் போடப் போனார். அவள் கை நீட்டி அதை வாங்கினாள். கார்க் கதவை நிமிர்த்திவைத்து, கண்ணாடியின் மூலையில் பலங்கொண்ட மட்டும் அடிக்க ஆரம்பித்தாள். மூன்று அடிக்கே மணிக்கட்டு கடுத்தது. ஆறாவது அடியில் கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது. குமிழைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். மயிரிழைகூட அசையவில்லை.

உள்ளே போய் எழுதினாள்: 'இந்தக் கத்தியின் அடிக்குமிழுக்குக் காரின் பக்கக் கண்ணாடியை உடைக்கும் வலு உண்டு. எங்கள் கூடத்தில் இதே கத்தியால் உடைந்ததை நேரில் பார்த்தேன்.' கையெழுத்து, முத்திரை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

பத்து நாள் கழித்து அந்த லெட்டர் மறுபடியும் அவள் மேஜைக்கு வந்தது. கொண்டுவந்தவர், பக்கத்து வீட்டுக்காரர்.

சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தாள். ஆனது ஆகட்டும், எழுதியதில் பின்வாங்குவதில்லை என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இதே மாடல்ல புதுக் கத்தி ஒண்ணு வேணும் மேடம். அந்த அண்ணனுக்கு அனுப்பணும். என் பேரு வெளிய தெரிய வேண்டாம்."

எதற்கு என்று கேட்டாள்.

முதல் நாள் அவரைக் கண்டபடி பேசிவிட்டேன் என்றார். போலீசில் காட்டலாம் என்றுதான் வாசல் கேமராப் பதிவை எடுத்துப் பார்த்தாராம். மனைவி பைகளோடு மாடிக்குப் போவதும், அவர் கண்ணாடியை உடைத்துக் குழந்தையைத் தூக்குவதும் அதில் தெரிந்ததாம். அன்று சாயங்காலம் இந்த லெட்டர் வந்திருக்கிறது. அதை மனைவி காதில் விழும்படி சத்தமாகப் படித்து, ஓகோ, அப்படியானால் சரிதான் என்று சொல்லிவிட்டாராம்.

"உங்களுக்குத் தெரியும்னு மனைவிகிட்ட இன்னும் சொல்லலையா?"

"எப்பவாவது அவளாச் சொல்லட்டும் மேடம். அன்னிலேருந்து ராத்திரியில குழந்தைய நான்தான் தோள்ல போட்டுக்கிட்டு நடக்கறேன். அவ இப்பத்தான் தூங்க ஆரம்பிச்சிருக்கா."