கோட்டில் விழுந்த பந்து

விரலை உயர்த்திய பிறகுதான் அவன் குனிந்து பார்த்தான்.

பந்தின் தடம் கோட்டைத் தொட்டிருந்தது.

அதிகமாக இல்லை. செம்மண்ணில் ஒரு நீள்வட்டம். அதன் ஓரம் மட்டும், நகம் பட்டது போல, வெள்ளை நாடாவின் மேல் ஏறியிருந்தது.

பந்து வெளியே என்று காட்டிய விரல் இன்னும் இறங்கவில்லை.

மூன்றாவது செட். ஐந்துக்கு நான்கு. மேட்ச் பாயின்ட் அவனுக்கு. பந்து வெளியே என்றால் ஆட்டம் முடிந்தது. நாளைக் காலை மெயின் டிராவில், முதன்மைச் சுற்று ஆட்டக்காரர்களோடு, அவன் பெயர் இருக்கும். இத்தனை வருட டென்னிஸிலும் தகுதிச் சுற்றோடு மூட்டை கட்டியவன். வயது முப்பத்தாறு. அடுத்த மாதம் முதல் கோயம்புத்தூரில் ஒரு கிளப்பில் பயிற்சியாளர் வேலை. கையெழுத்துப் போட்டாயிற்று. இதை விட்டால் வேறு போட்டி கிடையாது.

வலைக்கு அந்தப் பக்கம் டைட்டஸ்.

காலையில் உடை மாற்றும் அறையில் டைட்டஸ்தான் முதலில் பேசினான்.

"லே, இப்பவும் ரெண்டு ஜோடி சாக்ஸா?"

ஆமாம் என்று இவன் சிரித்து வைத்தான். பேச்சு அதோடு நின்றது.

பாளையங்கோட்டையில் சேர்ந்து ஆடிய நாளில் மண் தளத்துக்கான ஷூ இருவருக்கும் ஒரே ஜோடிதான். டைட்டஸின் அண்ணன் மஸ்கட்டிலிருந்து அனுப்பியது. இவன் ஆட்டம் முடிந்ததும் கழற்றிக் கொடுப்பான். ஈரம் காய்வதற்குள் டைட்டஸ் மாட்டிக்கொண்டு ஓடுவான். இவனுக்கு அது ஒரு சைஸ் பெரிது. அதற்குத்தான் இரண்டு ஜோடி சாக்ஸ். பழக்கம் விடவில்லை. இன்றும் ஷூ வாங்கப் போனால் ஒரு சைஸ் பெரிதாகவே கேட்கிறான்.

மாலையில் பேருந்து நிலையத்துப் புரோட்டாக் கடையில் போய் உட்கார்ந்தால், இருவருக்கும் முழங்கால் வரை சிவப்பு.

"செங்கச்சூளையில வேலையாடே?" என்பார் கடைக்காரர்.

"ஆமா அண்ணாச்சி, ஓவர்டைம். சால்னா இன்னொரு கரண்டி ஊத்துங்க" என்பான் டைட்டஸ்.

அப்புறம் மதுரை. மாநில ஜூனியர் இறுதி ஆட்டம். இருவரும் எதிரெதிரே. ஜெயித்தவனுக்குச் சென்னையில் விடுதியோடு பயிற்சி.

ஷூ ஒரு ஜோடி.

"ஒனக்குக் கணுக்கால் வீங்கிக் கெடக்கு. நீயே போட்டுக்க லே."

டைட்டஸ் பள்ளிக்கூடத்துக் கான்வாஸோடு இறங்கினான்.

அன்றும் மேட்ச் பாயின்ட் இவனுக்கு. அன்றும் பந்து இவன் பக்கத்து மூலையில்தான் விழுந்தது. அன்று கோடு சுண்ணாம்பு. வெள்ளைப் பொடி பறந்தது. பறப்பதைப் பார்த்துக்கொண்டேதான் இவன் "அவுட்" என்று கத்தினான்.

நடுவர் குடையை மடக்கி வைத்துவிட்டு வந்து சேர்வதற்குள், தடத்தை இவன் காலால் தேய்த்திருந்தான்.

"தடம் எங்கப்பா?"

"தெரியாம மிதிச்சிட்டேன் சார்."

வலையைச் சுற்றி வந்த டைட்டஸ் பந்தைக் கையில் எடுத்தான். ஒரு பக்கம் சுண்ணாம்பு அப்பியிருந்தது. திருப்பிப் பார்த்தான். நடுவரிடம் காட்டவில்லை. கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"விடுங்க சார். அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

டைட்டஸின் ஷூவாலேயே தேய்த்திருந்தான்.

ஊர் திரும்பும் பேருந்தில் அதைக் கழற்றிக் கொடுத்தபோது டைட்டஸ் வாங்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "வச்சுக்க. மெட்ராஸ்ல வேணும்லா" என்றான்.

பதினெட்டு வருடம். மூன்று வருடம் பிந்தி டைட்டஸும் போட்டிகளுக்கு வந்தான். எத்தனையோ ஊர்களில் பார்த்துக்கொண்டார்கள். சௌக்கியமா, சௌக்கியம், அவ்வளவுதான். மறுபடி எதிரெதிரே ஆட அமைந்தது இன்றுதான்.

தடத்தைப் பார்க்க, நடுவர் உயரமான நாற்காலியிலிருந்து இறங்க ஒரு காலைப் படியில் வைத்தார்.

அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"விடுங்க சார். அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

குத்தலாகச் சொன்னானா என்று பார்த்தால் முகம் தெரியவில்லை. தொப்பி நிழல்.

நடுவர் படியிலேயே நின்றார். வேப்பமரத்தடியில் ஒதுங்கியிருந்த ஏழெட்டுப் பேரில் யாரோ கைதட்டத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்.

மண் தளத்தில் ஒரு வழக்கம் உண்டு. தன் பக்கம் விழுந்தது நல்ல பந்துதான் என்று ஒப்புக்கொள்கிறவன், நடுவர் வரும்வரை காத்திருக்க மாட்டான். தடத்தைத் தானே காலால் அழித்துவிடுவான். புள்ளி எதிராளிக்குப் போய்விடும்.

அவன் விரலை இறக்கினான்.

வலது காலைத் தடத்தின் மேல் வைத்தான்.

அன்றும் இந்தக் கால்தான்.

தேய்த்தான்.

"நல்ல பந்து" என்றான். குரல் அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னான்.

நடுவர் மறுபடி ஏறி உட்கார்ந்து, "டியூஸ்" என்று புள்ளி சமமானதை அறிவித்தார்.

சர்வீஸ் டைட்டஸுடையது. இவன் பந்தை மட்டையால் தட்டி வலைக்கு அந்தப் பக்கம் அனுப்பினான். டைட்டஸ் ஒரு கையால் பிடித்தான். கோட்டுக்குப் போகாமல் நின்ற இடத்திலேயே நின்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிற அளவுக்குப் பார்த்தான்.

அதில் செம்மண்ணைத் தவிர வேறொன்றும் இருக்காது. இப்போதெல்லாம் யார் சுண்ணாம்பு போடுகிறார்கள்.

டைட்டஸ் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

பிறகு, சர்வீஸ் போட வேறு பந்து கேட்டுக் கையை நீட்டினான்.