சிங்கம் பொறித்த தகடு

“போலி மாதிரி தெரியுதே, ஐயா” என்றாள் பழம்பொருள்களை மதிப்பிட்டுச் சொல்லும் ரோஸ்வித்தா.

ஜெர்மனியின் பவேரியப் படைவீரன் ஒருவனின் தலைக்கவசத்தில் இருந்த பித்தளைச் சின்னம் அவள் மேசையில் கிடந்தது. கேடயத்தைத் தாங்கி இரண்டு சிங்கங்கள். பழம்பொருள் சந்தைக்கு வந்தவர்கள் சுற்றிலும் கூடிவிட்டார்கள்.

அதை மதிப்பிடக் கொண்டுவந்திருந்த, ஊர் அருங்காட்சியகத்தின் முன்னாள் இயக்குநரான கீஸ்லிங்குக்கு முகம் சிவந்தது. “போலியா? முதல்ல கண்ணாடியை மாத்தும்மா! முதல் உலகப் போர்ல எங்க தாத்தா தலையில இருந்தது இது. எங்க வீட்டை விட்டு ஒரு நாளும் வெளிய போனதில்ல!”

“அப்படியா? இவங்க எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்களேன்.”

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவர் அதையே மறுபடி உரக்கச் சொன்னார்.

ரோஸ்வித்தா தகட்டின் பின்பக்கத்தைக் கூட்டத்துக்குக் காட்டினாள்.

“மன்னிக்கணும். அசலேதான்.”

எல்லோரும் கைதட்டினார்கள். “இப்பவாவது தெரிஞ்சுதே!” என்று சிரித்தார் கீஸ்லிங்.

“ஆனா கவசத்துல மாட்டறதுக்கான இந்த வளையங்கள்ல ஒண்ணு மட்டும் புதுசா பத்தவச்சது. அருங்காட்சியகத்துல உடைஞ்சப்போ அங்க பழுது பாக்கறவர் பத்தவச்சார். அப்போ எடுத்த படம் இன்னும் அங்கேயே இருக்கு. அப்புறம் தகடு காணாமப் போச்சு. அவர்தான் திருடினார்னு சொல்லித் துரத்தினீங்க. அந்த அவமானத்துலயே செத்துப்போனார்.”

கைதட்டல் நின்றுவிட்டது. கீஸ்லிங் அவளை உற்றுப் பார்த்தார். “நீ... யாரு?”

“அவர் மக. நான் போலின்னு சொன்னப்பவே பேசாம எடுத்துட்டுப் போயிருக்கலாமே, ஐயா!”